மண்டபத்தில் நான் கேட்ட மன்னிப்பு

பாப்பா,

நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று வரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். காலையில் கடையைத் திறக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஷட்டரை இறக்கும்போது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நேற்று உன் அம்மா தோசைத் திருப்பியைக் கல்லில் தட்டிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பொண்ணு எத்தினி நாளு காத்துக்கினு இருக்கும்? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காதீங்க." அவள் சொல்வதில் தப்பில்லை. நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ செய்திருக்கும் பாட்டில் என் குரல் இருக்கிறது, அதை வெளியிடலாமா, கூடாதா? வேண்டாம் என்று நான் சொன்னால் எடுத்துவிடுவதாகவும் சொன்னாய். அதை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

பதிலை உனக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உனக்குச் செய்ததை ஒரு மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்துச் செய்தேன். செய்ததை ஊருக்கு முன்னால் செய்துவிட்டு, தப்பை மட்டும் உன் காதோடு ஒத்துக்கொண்டால் அது என்ன நியாயம்? அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. "அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தால்தான் எனக்கு வாயில் வார்த்தை வரும். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனத்தில் மைக்செட் போடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் என் ஸ்பீக்கர் பாக்ஸ்தான், பாதி இடங்களில் அறிவிப்பும் என் குரல்தான். எங்கள் தொழிலில் மானக்கேடு என்றால் ஒன்றுதான்: மைக் கூவுவது. மைக்கும் பாக்ஸும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டால், பாக்ஸில் வரும் சத்தத்தையே மைக் திரும்பக் கேட்டு, திரும்ப அனுப்பி, அது மேலும் மேலும் ஏறி 'கூ' என்று அலறும். அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒருத்தரும் பேசுகிறவரைப் பார்க்க மாட்டார்கள். எல்லாத் தலையும் மைக்செட்காரன் பக்கம்தான் திரும்பும். அப்படித் திரும்பாமல் இருப்பதற்காகத்தான் நான் இத்தனை காலம் வேலை செய்தேன். உனக்குச் சோறு போட்டதும் அதுதான்.

அந்த வீட்டில்தான் நீ கிட்டாரைக் கொண்டுவந்து இறக்கினாய். விழுப்புரத்தில் காலேஜ் படிக்கும்போது, பாசஞ்சர் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த நாட்களில், யாரிடமோ பழைய கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாய். சினிமாப் பாட்டு கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் குயிலாப்பாளையத்து ஜான்சனைக் கூட்டிவந்தாய். மரப்பட்டறையில் வேலை செய்கிற பையன், டிரம்ஸ் அடிப்பான், என்னை "மாமா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். நீங்கள் ரெண்டு பேரும் பின்னால் இருக்கும் என் குடோனில், பாக்ஸ்களுக்கு நடுவே நின்று வாசிக்க ஆரம்பித்தீர்கள். அன்றைக்கு நான் கையில் இருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன். "இன்னாம்மா இது?" என்று கேட்டதற்கு "நாய்ஸ் ராக்பா" என்றாய். இரைச்சலை அடக்கிப் பிழைக்கிறவன் வீட்டில், இரைச்சலுக்கென்றே ஒரு பாட்டு! நான் சிரித்தேன். தெருக்காரர்கள் சிரிக்கவில்லை.

இனி சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. நீ வாசிப்பதைக் குடோன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பல நாள் கேட்டிருக்கிறேன். நீ கிட்டாரை ஆம்ப்ளிஃபயருக்கு நேராகத் திருப்புவாய், அது கூவும். அரை விரற்கடை நகர்வாய், கூவல் வேறு சுரத்துக்குப் போகும். முழங்காலை மடக்கித் தாழ்ந்தால் அது உறுமலாக இறங்கும். நான் எதைப் பார்த்துப் பயந்து ஓடினேனோ, அதை நீ நில் என்றால் நின்றது, வா என்றால் வந்தது. எங்கள் மைக்செட்காரர் சங்கத்தில் எந்தக் கொம்பனாலும் அது முடியாது. அது தப்பாகக் கேட்கிற சத்தம் இல்லை, நீ தெரிந்தே செய்கிற சத்தம் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு நாள்கூட நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்புறம் தெருக்காரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் உன் பெரியப்பா மகனின் ரிசப்ஷன் வந்தது. விழுப்புரத்தில் பெரிய மண்டபம். செட்டு நம்முடையது. ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வர நேரமாகும் என்றதும், நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி அண்ணனிடம் போய், "நம்ம பாப்பா கிட்டார் வாசிக்கும்ண்ணா" என்று சொன்னேன். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வேணாம்பா. நாங்க வாசிக்கிறது இந்தக் கூட்டத்துக்கு ஆவாது. அப்புறம் நீதான் சங்கடப்படுவ." நான் கேட்டேனா? "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, ஜல்தியா ஏறு" என்று உன்னை மேடைக்குத் தள்ளினேன். எல்லாருக்கும் முன்னால் என் பொண்ணு என்று காட்டிக்கொள்ள ஆசை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியை மட்டும் தூக்கிக் காட்டுகிற ஆசை.

நீ மெதுவாகத்தான் ஆரம்பித்தாய். கூட்டத்துக்குத் தக்க மாதிரி குறைத்து வாசிக்கப் பார்த்தாய் என்று இப்போது புரிகிறது. கொஞ்ச நேரத்தில் ஜான்சன் ஏற ஏற நீயும் ஏறினாய். கிட்டாரைத் திருப்பினாய். மண்டபம் முழுக்க அந்தக் கூவல் நிறைந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு கத்தினாய். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். உனக்கு வரன் பேசலாம் என்று நான் நினைத்திருந்த குடும்பம் ரெண்டாவது வரிசையில் இருந்தது. அவர்களைக்கூட விடு. முன் வரிசையில் இருந்த உன் பெரியப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கூட்டேரிப்பட்டுப் பக்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, என்னைப் படிக்க வைத்து, இந்தக் கடைக்கு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற முதல் மிக்சரை வாங்கிக் கொடுத்த அண்ணன். அவர் முகம் சுருங்கினால் எனக்கு இந்த வயசிலும் பயம்தான்.

என் கை மாஸ்டர் வால்யூமுக்குப் போனது. ஒரே இழுப்பில் கீழே இறக்கினேன். ஜான்சனின் டிரம்ஸுக்கு லைன் தேவையில்லை என்பதால், பாவம், அவன் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினான். நான் மைக்கை எடுத்தேன். அன்று சொன்னதை மறக்க முடியவில்லை, நீயும் மறக்க விடவில்லை. "பெரியோர்களே, மன்னிக்கணும். மைக்ல ஒரு சின்னக் கோளாறு. பாப்பா சின்னப் பொண்ணு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. தோ, இப்ப நல்ல பாட்டு வரும்." சொல்லிவிட்டுப் பென்டிரைவில் இருந்த சினிமாப் பாட்டைப் போட்டேன். கூட்டம் கைதட்டியது. பெரியப்பா திரும்பி உட்கார்ந்தார். நீ என்னைப் பார்க்கவே இல்லை. கீழே உட்கார்ந்து வயரைச் சுற்றினாய். அந்தக் கோபத்திலும் முழங்கையில் போட்டுச் சுற்றாமல், முறுக்கு விழாதபடி வட்டம் வட்டமாக, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே சுற்றினாய். நீ அதைத் தூக்கி என் மூஞ்சியில் எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள்: "பொண்ணு வாயை மூடறதுக்கா இவ்ளோ பெரிய செட்டு வெச்சிக்கினு இருக்கீங்க?" நான் அவளுக்குத் தொழில் பாடம் எடுத்தேன். மைக் கூவினால் கை தன்னால் போகும், முப்பது வருஷப் பழக்கம், நான் யோசித்தே செய்யவில்லை என்றேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீ "சரிப்பா" என்றாய். பொய், பாப்பா. யோசித்துத்தான் செய்தேன். எந்தக் கூவல் கோளாறு, எந்தக் கூவல் நீ வாசிப்பது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணன் முகத்துக்காக உன் சத்தத்தை அணைத்தேன், பழியை மைக் மேல் போட்டேன். ஒரு மைக்செட்காரன் தன் செட்டைக் கெட்டது என்று ஊருக்கு முன்னால் சொல்லுவானா? சொன்னேன். பெற்ற பொண்ணை ஒத்துக்கொள்வதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச மாதத்தில் நீ கிட்டாரை எடுப்பதை நிறுத்தினாய். லேப்டாப்பும் திருகுகள் வைத்த ஒரு சின்னப் பெட்டியும் வந்தன. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாய், வீட்டில் சத்தமே இருக்காது. எலக்ட்ரானிக் மியூசிக் என்றாய். நான் அது என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சத்தம் நின்றதே, அது போதும் என்றிருந்தேன். அதோடு விட்டேனா? "நம்ம பாப்பா திருந்திடுச்சு" என்று தெருவெல்லாம் சொன்னேன். நான் சொல்லித்தான் திருந்தியது என்று ஒரு பிட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் நடந்ததை நீ ஒரு தடவையும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. மயிலத்தில் ஒரு வேலை முடித்துவிட்டு அங்கே நின்றிருந்தேன். பக்கத்துச் செட்டுக்காரர்கள் நாலைந்து பேர். மண்டபத்துக் கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது என்னுடைய வேடிக்கைக் கதையாக ஆகியிருந்தது. கிட்டாரைப் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நீ கத்திய மாதிரி கத்திக் காட்டினேன். "ஒரே இழுப்புதான்யா, அன்னிக்கே பேய் எறங்கிடுச்சு" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கண்ணைத் திறந்தால் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி, எனக்கு நேர் எதிரே நிற்கிறாய். குயிலாப்பாளையத்துப் பக்கம் நீ அப்போது போய்வந்துகொண்டிருந்த வேலை முடிந்து, என்னோடு வண்டியில் வீட்டுக்கு வருவதாக நீ சொல்லியிருந்ததை நான் மறந்தே போனேன். "டீ குடிச்சிட்டியாப்பா? போலாமா?" என்றாய். வழி முழுக்க நான் ரோட்டில் தண்ணீர் லாரி போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அடுத்த மாதம் நீ குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போனாய். வேலைக்குப் பக்கம் என்று உன் அம்மாவிடம் சொன்னாய். ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாதா?

இப்போது நடந்ததற்கு வருகிறேன். போன மாசம் நீயாகவே போன் பண்ணினாய். அங்கே ஒரு ஹாலில் உன் நிகழ்ச்சி, கீழ்ச்சத்தத்துக்கான பேஸ் பாக்ஸ் தருவதாகச் சொன்ன ஆள் கைவிட்டுவிட்டான், நம்முடையது வேண்டும் என்றாய். ஆளிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானே குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். லைன் கொடுத்துவிட்டுப் பின்னால் சுவரோரம் நின்றேன். நீ மேடையில்கூட ஏறவில்லை, ஒரு மேசைக்குப் பின்னால் நின்றாய். முதலில் வெறும் உறுமல். கேட்கக் கேட்க அது பெரியப்பா களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மிஷின் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு மேலே ஒரு ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. மன்னிக்கணும். மன்னிக்கணும். மன்னிக்க, க, க, கணும். அது என் குரல்.

ரிசப்ஷன் அன்று உன் வாசிப்பைப் பதிவு செய்ய நீ மேடையில் வைத்திருந்த சின்ன ரெக்கார்டர் என்னையும் பதிந்து வைத்திருக்கிறது. 'ஒண்ணும் தெரியாது' என்பதை நீ இழுத்து இழுத்து, அது வார்த்தையாகவே இல்லாமல் தரை அதிர்கிற பேஸாக ஆகிவிட்டது. 'தோ' என்ற என் சொல்லை மட்டும் வெட்டி எடுத்து அதையே தாளமாகப் போட்டாய். தோ, தோ, தோ, தோ. நம்ம ஊர்ப் பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்து வந்து அந்தப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்களும் சேர்ந்து என் பொய்க்கு ஆடினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பையன் வேர்த்து ஒழுக என்னிடம் குனிந்து, "அண்ணா, இந்த 'தோ' செமையா கீதுல்ல?" என்றான். "ஆமாம்பா" என்றேன். வேறென்ன சொல்ல? அவ்வளவு பேர் நடுவில் அம்மணமாக நிற்கிறேன், அது ஒருத்தருக்கும் தெரியவில்லை. உனக்கு மட்டும் தெரியும், நீ தலையைத் தூக்காமல் திருகைத் திருகிக்கொண்டிருந்தாய். பாட்டு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றும் சொல்லாமல்தான் வந்தேன்.

பாக்ஸ் ஏற்றும்போது "எப்டிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "பேஸ் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சும்மா." நீ சிரித்தாய். நான் வண்டிக் கதவைச் சாத்துகிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்து, கிட்டாரை ஏன் விட்டாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன். "கிட்டார் வாசிச்சா என் கண்ணு தன்னால மிக்சர் பக்கம் போவுதுப்பா. எவன் எப்ப எறக்குவானோன்னு பாத்துக்கினே வாசிக்க முடியாது. இதுல கடைசி வால்யூம் என் கையில கீது" என்றாய். நான் தலையைக் குனிந்ததும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாய். "உடனே எல்லாம் உன்னாலன்னு நெனைச்சிக்காத. கிட்டார்ல எனக்கு வேணுங்கிற சத்தம் தீந்துபோச்சு. இதுல இன்னும் நெறைய கீது, அவ்ளோதான்." வெட்கத்தில்கூட நடுநாற்காலி எனக்கு வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதையும் நீ கண்டுபிடித்துவிட்டாய்.

உனக்கு அப்பனாகப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நாளைக்கு உன்னிடமும் சின்னவர்கள் வந்து வாசிப்பார்கள், அவர்களுடைய வால்யூம் உன் கையில் இருக்கும். அவர்கள் செய்வது உனக்குப் புரியாமலும் இருக்கலாம். அப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்க்காதே. வாசிக்கிறவர் முகத்தைப் பார். நான் அன்று உன் முகத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கை போயிருக்காது. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று ஜான்சன் பின்னால் ஒரு நாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய பாட்டை ஹெட்போனில் கேட்டேன். பலமுறை கேட்டேன். ஹாலில் கேட்டது இல்லை அது. என் குரலை இறக்கி, கரகரப்பாக்கி, யாரோ ஒரு ஆள் பேசுகிற மாதிரி மாற்றியிருக்கிறாய். "உனக்குச் சங்கடமா இருக்கும்னு குரல் தெரியாம பண்ணிட்டேன்பா" என்று கீழே எழுதியிருந்தாய். தொழில்காரனாகச் சொல்கிறேன், அதனால் பாட்டு கெட்டுப்போயிருக்கிறது. அந்தத் 'தோ'வில் இருந்த வெடுக்கென்ற அடி போய்விட்டது. என் முகத்தைக் காப்பாற்ற நான் ஒரு தடவை உன் சத்தத்தைக் கெடுத்தேன். இப்போது அதே முகத்துக்காக உன் சத்தத்தை நீயே கெடுத்துக்கொண்டிருக்கிறாய். அது என்னால் தாங்க முடியவில்லை, பாப்பா. நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததற்குக் காரணமும் அதுதான். அந்த மாற்றத்தோடு வெளியானால் ஒருத்தருக்கும் தெரியாது, தப்பித்துவிடலாம் என்று எனக்குள் ஒருத்தன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அதனால் என் பதில் இது. வெளியிடு. என் குரலை என் குரலாகவே விடு. திண்டிவனத்தில் அந்தக் குரல் தெரியாத வீடு கிடையாது, தெரியட்டும். மாற்றாத பாட்டை எனக்கு முதலில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வீட்டுக்குப் போகிறேன். நம்ம செட்டில் ஒரு பாக்ஸையும் எடுத்துக்கொண்டு போய், அவர் எதிரில் உட்கார்ந்து போட்டுக் காட்டப் போகிறேன். அன்று மைக்கில் கோளாறு எதுவும் இல்லை, நான்தான் பாப்பாவை நிறுத்தினேன் என்று சொல்லப் போகிறேன். அவர் என்னைப் பார்ப்பார். நடுவிலேயே எழுந்து உள்ளே போனாலும் போவார். போனால் போகட்டும், பாட்டு முடிகிற வரைக்கும் நான் வால்யூமைத் தொட மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

அப்பா